பீச் – தாம்பரம் – செங்கல்பட்டு மின்சார ரயில்: தினமும் போகிறவர்களுக்கு ஒரு கைகாட்டி

புதிதாகச் சென்னைக்கு வேலைக்கு வந்து, வாடகை கட்டுப்படியாகாமல் குரோம்பேட்டைக்கோ கூடுவாஞ்சேரிக்கோ குடிபோனவர்களுக்காக எழுதியது இது. கடற்கரை, அதாவது எல்லாரும் சொல்கிற பீச் நிலையத்தில் தொடங்கித் தாம்பரம் வரை 18 நிலையங்கள், ஏறக்குறைய 29 கிலோமீட்டர். எல்லா நிலையத்திலும் நிற்கும் வண்டிக்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகப் பிடிக்கும். அங்கிருந்து பெருங்களத்தூர், வண்டலூர், பொத்தேரி, மறைமலைநகர் வழியாகச் செங்கல்பட்டு வரை போனால் மொத்தம் 60 கிலோமீட்டர். 1931-இல் மீட்டர்கேஜ் பாதையில் மின்சார வண்டி ஓடத் தொடங்கிய தடம் இது. மீட்டர்கேஜ் வண்டி 2004-இல் நின்றது. இன்றைக்கும் குறைந்தபட்சக் கட்டணம் 5 ரூபாய்தான். ஜிஎஸ்டி சாலை (கிராண்ட் சதர்ன் டிரங்க் சாலை) நெரிசலில் பஸ்ஸில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு இந்த 5 ரூபாயின் அருமை தெரியும்.

டிக்கெட் எடுப்பதை ஒரே நாளில் பழகிவிடலாம். எந்த வண்டியை விட வேண்டும், எதைப் பிடிக்க வேண்டும், பிளாட்பாரத்தில் எந்த இடத்தில் போய் நிற்க வேண்டும் என்பது பிடிபடத்தான் நாளாகும். அந்த நாளைக் குறைப்பதற்கே இவ்வளவும்.

எந்த வண்டியைப் பிடிப்பது

வண்டியின் நெற்றியில் ஓடும் எழுத்தை முதலில் படியுங்கள். தெற்கே போகும் வண்டிகள் எல்லாம் செங்கல்பட்டு போவதில்லை. பெரும்பாலானவை தாம்பரத்தோடு நின்றுவிடும். சில கூடுவாஞ்சேரியோடு திரும்பும். சில செங்கல்பட்டையும் தாண்டி, மேற்கே வளைந்து காஞ்சிபுரம், திருமால்பூர், அரக்கோணம் வரை போகும். பலகையிலும் செயலியிலும் நிலையங்களுக்குச் சுருக்கெழுத்து வரும். பீச் எம்எஸ்பி (MSB), பார்க் எம்பிகே (MPK), எழும்பூர் எம்எஸ் (MS), மாம்பலம் எம்பிஎம் (MBM), தாம்பரம் டிபிஎம் (TBM), கூடுவாஞ்சேரி ஜிஐ (GI), செங்கல்பட்டு சிஜிஎல் (CGL), திருமால்பூர் டிஎம்எல்பி (TMLP). இந்த எட்டும் மனதில் இருந்தால் போதும். மின்சாரப் பலகை வேலை செய்யாத நாளில் ஒலிபெருக்கி அறிவிப்பைக் காது கொடுத்துக் கேளுங்கள், இல்லாவிட்டால் ஏறுகிறவரிடம் "தாம்பரமா, செங்கல்பட்டா?" என்று கேட்டுவிட்டு ஏறுங்கள். யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

அடுத்தது ஸ்லோவா ஃபாஸ்டா என்பது. எழும்பூரிலிருந்து தாம்பரம் வரை நான்கு தண்டவாளங்கள் இருக்கின்றன. இரண்டு மின்சார வண்டிக்கு, மற்ற இரண்டு எக்ஸ்பிரஸ் வண்டிகளுக்கான மெயின் லைன். சில செங்கல்பட்டு வண்டிகளை மெயின் லைனில் விடுவார்கள். அவைதான் ஃபாஸ்ட். மெயின் லைனில் எல்லா நிலையத்திலும் பிளாட்பாரம் இல்லாததால் அவை சைதாப்பேட்டை, பழவந்தாங்கல் போன்ற இடங்களில் நிற்காமல் போய்விடும். எழும்பூர், மாம்பலம், தாம்பரத்தில் நிற்கும். மற்ற நிறுத்தங்கள் வண்டிக்கு வண்டி வேறுபடும் என்பதால், உங்கள் நேரத்து ஃபாஸ்ட் வண்டி எங்கெங்கே நிற்கிறது என்று ஒருமுறை அட்டவணையில் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். மாம்பலத்தில் ஸ்லோவும் ஃபாஸ்டும் வெவ்வேறு பிளாட்பாரத்துக்கு வரும். அறிவிப்பைக் கேட்ட பிறகு படியேறி மாறுவதற்குள் வண்டி புறப்பட்டுவிடும். அதனால் மேம்பாலத்தின் மேலேயே நின்று, எது முதலில் வருகிறது என்று பார்த்து இறங்குவது பழகியவர்கள் செய்கிற வேலை.

இருக்கை கிடைக்க ஒரு வழி உண்டு. காலையில் தாம்பரம், சானடோரியம், குரோம்பேட்டையில் ஏறுகிறவர்கள் செங்கல்பட்டிலிருந்து வரும் வண்டியை விட்டுவிட்டு, தாம்பரத்தில் புறப்படும் வண்டியைப் பிடியுங்கள். செங்கல்பட்டு வண்டி தாம்பரத்துக்கு வரும்போதே நிரம்பியிருக்கும். தாம்பரம் வண்டி காலியாகப் புறப்படும். மாலையிலும் இதே கணக்குதான். பல்லாவரத்துக்கோ குரோம்பேட்டைக்கோ போகிறவர் செங்கல்பட்டு வண்டியில் ஏறினால் நசுங்கி வர வேண்டியிருக்கும். அதோடு, மறைமலைநகர் வரை போக வேண்டியவருக்கு ஏற இடமில்லாமல் போய்விடும். அவருக்கு அடுத்த வண்டி நெடுநேரம் கழித்துத்தான். உங்களுக்கோ சில நிமிடங்களில் தாம்பரம் வண்டி வந்துவிடும். தாம்பரம் வரைக்குள் இறங்கிவிடுகிறவர்கள் எல்லாரும் இதைக் கடைப்பிடித்தாலே மாலை நெரிசல் பாதி குறையும் என்பது எங்கள் உறுதியான எண்ணம்.

காலையில் நகரத்தை நோக்கிய கூட்டம் தாம்பரத்துக்கும் கிண்டிக்கும் நடுவில்தான் உச்சம். கிண்டியில் ஒரு பெரும் கூட்டம் இறங்கும், மாம்பலத்தில் இன்னொன்று. பார்க் வரை போகிறவர் கிண்டி வரை நின்றால் அதன் பிறகு உட்கார வாய்ப்பு அதிகம். எதிர்த்திசை காலியாக இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். பொத்தேரியில் கல்லூரி, மறைமலைநகரில் தொழிற்சாலைகள், பரனூரில் மகிந்திரா சிட்டி இருப்பதால் காலையில் தெற்கே போகும் வண்டியும் பொத்தேரி வரை நெரிசல்தான்.

டிக்கெட்

கவுன்டர், தானியங்கி டிக்கெட் இயந்திரம், செல்போன் செயலி என மூன்று வழி இருக்கிறது. பீச்சிலிருந்து தாம்பரத்துக்கு இரண்டாம் வகுப்பு 10 ரூபாய். இயந்திரத்தின் அருகே உதவியாளர் இருந்தால் வரிசை வேகமாக நகரும். திரையில் வரும் கியூஆரை ஸ்கேன் செய்து நீங்களே பணம் கட்டியும் டிக்கெட் எடுக்கலாம். மாலை திரும்பி வருவது உறுதி என்றால் ரிட்டன் டிக்கெட்டாக வாங்கிவிட்டால் மாலை வரிசை மிச்சம். டிக்கெட் வாங்கிய ஒரு மணி நேரத்துக்குள் பயணத்தைத் தொடங்கிவிட வேண்டும். காலையில் வாங்கி வைத்துவிட்டு மதியம் ஏறுவது செல்லாது.

செயலியில்தான் ஆட்கள் அதிகம் மாட்டுகிறார்கள். முன்பு யூடிஎஸ் செயலியில் இருந்த வசதிகள் 2025 ஜூலையில் வந்த ரயில்ஒன் செயலியிலும் உள்ளன. பதிவு செய்யும்போது காகிதமில்லா டிக்கெட்டா, அச்செடுக்கும் டிக்கெட்டா என்று கேட்கும். அச்செடுக்கும் டிக்கெட்டைத் தேர்ந்தெடுத்தால், கவுன்டரிலோ இயந்திரத்திலோ பதிவு எண்ணைக் கொடுத்துத் தாளாக எடுத்த பிறகுதான் அது டிக்கெட். போனில் பணம் போய்விட்டது என்று நம்பி அச்செடுக்காமல் ஏறினால் டிக்கெட் இல்லாப் பயணம் என்றுதான் எழுதுவார்கள். எனவே காகிதமில்லா டிக்கெட் என்பதை அழுத்துங்கள். ஒரு விஷயம், அதை ரத்து செய்து பணம் திரும்பப் பெற முடியாது.

காகிதமில்லா டிக்கெட்டை நிலையத்துக்கு உள்ளே நின்றுகொண்டு எடுக்க முடியாது. பரிசோதகரைப் பார்த்ததும் அவசரமாக எடுப்பதைத் தடுக்கவே இந்த ஏற்பாடு. போனின் ஜிபிஎஸ் நீங்கள் தண்டவாளத்துக்கு மிக அருகே இருப்பதாகக் காட்டினால் செயலி மறுத்துவிடும். சைதாப்பேட்டை மாதிரி தெருவும் தண்டவாளமும் ஒட்டிக் கிடக்கிற இடங்களில், வாசலுக்கு வெளியே நின்றாலும் மறுப்பதுண்டு. அப்போது இரண்டு வழி. தெருவில் இன்னும் கொஞ்சம் தள்ளிப் போய், வானம் தெரியும் இடத்தில் நின்று, ஜிபிஎஸ் புள்ளி நகர்ந்து நிலைக்கும் வரை பொறுத்து முயலலாம். அல்லது நிலையத்தில் ஒட்டியிருக்கும் கியூஆரைச் செயலியாலேயே ஸ்கேன் செய்து எடுக்கலாம். உள்ளே நின்றபடி எடுக்க அந்த ஒரு வழிதான். வீட்டை விட்டுக் கிளம்பும்போதே எடுத்துவிடுவது எல்லாவற்றிலும் நல்லது. பிளாட்பாரம் போய்ச் சேர ஒரு மணி நேரம் ஆகப்போவதில்லை.

இன்னும் சில கண்ணிகள். ஸ்கிரீன்ஷாட் செல்லாது. செயலியைத் திறந்து, டிக்கெட்டைக் காட்டு என்ற பொத்தானை அழுத்தி நேரடியாகக் காட்ட வேண்டும். சார்ஜ் தீர்ந்து போன் அணைந்திருந்தாலும் டிக்கெட் இல்லாதவர் கணக்கில்தான் வரும். நெரிசல் நேரத்தில் யூபிஐ தடுமாறும் என்பதால் செயலியின் ஆர்-வாலட்டில் ஐம்பது நூறு ரூபாய் போட்டு வையுங்கள். வங்கிச் சேவை காலை வாரும் நேரத்திலும் டிக்கெட் உடனே வந்துவிடும்.

அபராதம் கட்டணம் போகக் குறைந்தது 250 ரூபாய். 5 ரூபாய் டிக்கெட்டுக்கு அது 50 மடங்கு. பரிசோதகர்கள் வண்டிக்குள் வருவதைவிட மேம்பாலப் படியின் அடியிலும் வாசலிலும் நிற்பதுதான் வழக்கம். நிலையத்தை விட்டு வெளியே வரும்வரை டிக்கெட்டைக் கசக்கிப் போட்டுவிடாதீர்கள்.

அடிக்கடி நடக்கும் ஒரு தவறு: தாம்பரத்தில் எக்ஸ்பிரஸ் வண்டி வந்து நிற்கும், எழும்பூருக்கு நிற்காமல் போகிறதே என்று மின்சார ரயில் டிக்கெட்டோடு அதில் ஏறிவிடுவார்கள். அந்த டிக்கெட் எக்ஸ்பிரஸில் செல்லாது. முன்பதிவுப் பெட்டியாக இருந்தால் அபராதம் இன்னும் கூடும்.

சீசன்

மாதத்தில் பெரும்பாலான நாட்கள் போகிறவர் சீசன் எடுக்காமல் இருப்பது வீண் செலவு. மூன்று மாதச் சீசன் மாதக் கட்டணத்தைப் போல 2.7 மடங்கு, ஆறு மாதம் 5.4 மடங்கு, ஓராண்டு 10.8 மடங்கு. எதை எடுத்தாலும் சேமிப்பின் விகிதம் ஒன்றுதான், பத்தில் ஒரு பங்கு. அதனால் வேலை நிலையில்லாதவர் மூன்று மாதத்துக்கு எடுப்பது புத்திசாலித்தனம். ஓராண்டுக்கு எடுத்துவிட்டு நடுவில் வீடு மாறினால் இழப்பு.

சீசனில் உங்கள் பெயரோடு அடையாள அட்டை எண்ணும் பதிவாகும். பரிசோதகர் கேட்டால் அதே அட்டையைக் காட்ட வேண்டும். செயலியில் எடுக்கும் சீசன் மறுநாளிலிருந்துதான் செல்லுபடியாகும். இதைத் தெரியாமல் முதல் தேதி காலையில் எடுத்து, அன்றைக்கே மாட்டிக்கொள்கிறவர்கள் உண்டு. பழையது முடிவதற்கு இரண்டு மூன்று நாள் முன்பே புதுப்பித்துவிடுங்கள். காகிதமில்லாச் சீசன் எடுத்த போனோடு கட்டப்பட்டிருக்கும். போன் மாற்றும் எண்ணம் இருந்தால் அந்த மாதம் அச்சிட்ட சீசனாக வாங்கிக்கொள்ளுங்கள்.

சீசனில் எழுதியிருக்கும் இரண்டு நிலையங்களுக்கு இடையே எங்கே வேண்டுமானாலும், எத்தனை முறை வேண்டுமானாலும் ஏறி இறங்கலாம். ஆகவே எல்லையைச் சற்று யோசித்து எழுதுங்கள். அலுவலகம் கிண்டி, ஆனால் வாரத்தில் ஓரிரு நாள் மாம்பலம் போவீர்கள் என்றால், மாம்பலம் வரை எடுக்க என்ன வித்தியாசம் என்று கவுன்டரில் கேளுங்கள். இரண்டும் ஒரே தூரப் படிக்குள் வந்தால் கட்டணம் ஒன்றாகவே இருக்கும்.

மாணவர்களுக்குச் சீசனில் சலுகை உண்டு. வீட்டுக்கும் கல்விக்கூடத்துக்கும் இடையே இரண்டாம் வகுப்பு மாதச் சீசன், பெண் பிள்ளைகளுக்குப் பட்டப்படிப்பு வரையும் ஆண் பிள்ளைகளுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு வரையும் கட்டணமில்லை. பள்ளியோ கல்லூரியோ ரயில்வே படிவத்தில் சான்றிதழ் எழுதி முத்திரை வைத்துத் தர வேண்டும். பொத்தேரிக்கும் குரோம்பேட்டைக்கும் தினமும் படிக்கப் போகிற பெண்களில் பலருக்கு இது தெரியாமலே இருக்கிறது. கல்லூரி அலுவலகத்தில் கேட்டு வாங்குங்கள்.

பெட்டி

வண்டிக்கு 12 பெட்டி. கிட்டத்தட்ட கால் கிலோமீட்டர் நீளம். சாதாரண மின்சார வண்டியில் ஒரு பெட்டியிலிருந்து அடுத்த பெட்டிக்கு உள்ளே வழி கிடையாது. ஏறிய பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது இங்கே நடக்காது. பிளாட்பாரத்தில் நிற்கும் இடத்தை முன்பே முடிவு செய்ய வேண்டும்.

அதற்கு எளிய வழி இறங்கும் நிலையத்திலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுவது. முதல் நாள் இறங்கும்போது மேம்பாலப் படிக்கு நேராக எந்தப் பெட்டி நிற்கிறது என்று முன்னாலிருந்து எண்ணி வைத்துக்கொள்ளுங்கள். மறுநாள் ஏறும் நிலையத்தில் அந்தப் பெட்டி நிற்கும் இடத்தில் ஒரு தூணையோ தண்ணீர்க் குழாயையோ கடையையோ அடையாளம் வையுங்கள். மாலையில் மாம்பலத்தில் வண்டி கொட்டிவிட்ட கூட்டத்துக்குப் பின்னால் படியேற ஐந்து நிமிடம்கூட ஆகும். சரியான பெட்டியில் வந்தவர் அதற்குள் ரங்கநாதன் தெருவைத் தாண்டியிருப்பார். படிக்கு நேரான பெட்டி எப்போதுமே அதிகக் கூட்டம் என்பதும் உண்மை. அவசரமில்லாதவர்கள் இரண்டு பெட்டி தள்ளி நின்றாலே மூச்சுவிட இடம் கிடைக்கும்.

மகளிர் பெட்டி, ஃபர்ஸ்ட் கிளாஸ், மாற்றுத்திறனாளிகள் பகுதி, கூடை மூட்டை வைத்திருப்பவர்களுக்கான வெண்டர் பகுதி எல்லாம் பெட்டியின் வெளிப்புறத்தில் எழுதியிருக்கும். வண்டி நின்ற பிறகு எழுத்தைத் தேடி ஓடாதீர்கள். தினமும் வரும் பெண்கள் கூடி நிற்கும் இடம்தான் மகளிர் பெட்டியின் இடம். முதல் நாள் அதை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். மகளிர் பெட்டியில் ஏறும் ஆண்கள் மீது ரயில்வே சட்டத்தின் 162-ஆம் பிரிவில் வழக்குப் போடுவார்கள். அவசரத்தில் ஏறிவிட்டேன் என்ற பதில் எடுபடாது. இரவு பத்து மணிக்கு மேல் பெண்கள் தனியாக வரும்போது மகளிர் பெட்டி அநேகமாகக் காலியாகக் கிடந்தால், ஆட்கள் உள்ள பொதுப் பெட்டியே மேல் என்று தோன்றும். அப்படித் தோன்றினால் தயங்காமல் அடுத்த நிலையத்தில் மாறிவிடுங்கள். உதவிக்கு 139, தமிழ்நாடு ரயில்வே போலீஸ் 1512. இரண்டையும் போனில் சேமித்து வையுங்கள்.

ஃபர்ஸ்ட் கிளாஸ் ஒற்றைப் பயணக் கட்டணத்தை 2022 மே மாதத்தில் ஏறத்தாழ பாதியாகக் குறைத்தார்கள். ஆனாலும் இரண்டாம் வகுப்பைவிடப் பல மடங்கு. உள்ளே ஏசி கிடையாது, கூட்டம் குறைவு, அவ்வளவுதான். ஏசி வேண்டுமென்றால் 2025 ஏப்ரலில் பீச்சுக்கும் செங்கல்பட்டுக்கும் இடையே தொடங்கிய ஏசி மின்சார ரயில் இருக்கிறது. தொடங்கும்போது குறைந்தபட்சம் 35 ரூபாய், கடைசி வரை 105 ரூபாய். கதவு தானாக மூடிக்கொள்ளும். சாதாரண இரண்டாம் வகுப்பு டிக்கெட்டோ சீசனோ அதில் செல்லாது. சேவைகள் குறைவு, எனவே அதன் நேரத்தைப் பார்த்துவிட்டுத்தான் நிலையத்துக்கே போக வேண்டும். தவறவிட்டால் அதற்காகக் காத்திருக்காமல் சாதாரண வண்டியைப் பிடியுங்கள்.

ஏறுவது, இறங்குவது

வண்டி ஒரு நிலையத்தில் அரை நிமிடம் நின்றால் அதிகம். முதுகுப்பையைக் கழற்றி மார்புப் பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள். கதவுக்கு நேராக நிற்காமல் பக்கவாட்டில் ஒதுங்கி நின்று, இறங்குகிறவர்கள் நடுவில் வழிந்து முடியும் வரை பொறுங்கள். முதல் காலை உள்ளே வைத்ததும் கை வாசலின் நடுக்கம்பியைப் பிடிக்கட்டும். பின்னால் வருகிற தள்ளலே உங்களை உள்ளே கொண்டுபோய்விடும், நீங்கள் முண்ட வேண்டியதில்லை. கிண்டியில் மாலை ஏழு மணிக்கு ஏறும்போது செருப்பு கழன்று பிளாட்பாரத்துக்கும் படிக்கும் இடையில் விழுவது சாதாரணமாக நடக்கிறது. விழுந்த செருப்பை எடுக்கக் குனியாதீர்கள். பட்டையுள்ள செருப்போ ஷூவோ போட்டு வருவது இந்தத் தொல்லைக்கு மருந்து.

உள்ளே போனதும் வாசலை விட்டு நடைவழிக்கு நகருங்கள். பெட்டியின் நடுவே இடம் இருக்கும்போது வாசலில் இருபது பேர் திணறிக்கொண்டிருப்பது இந்தத் தடத்தின் தீராத நோய். இறங்க வேண்டிய நிலையத்துக்கு முந்தைய நிலையத்திலேயே வாசல் பக்கம் நகரத் தொடங்குங்கள். மாம்பலத்தில் இறங்குகிறவர் வடக்கே போகும்போது சைதாப்பேட்டையிலும், தெற்கே போகும்போது கோடம்பாக்கத்திலும் நகர வேண்டும். "அடுத்தது இறங்குறீங்களா?" என்று முன்னால் நிற்பவரைக் கேட்டு, இல்லையென்றால் இடம் மாற்றிக்கொள்வதே முறை. பிளாட்பாரம் எந்தப் பக்கம் வரும் என்பதை முதல் வாரத்திலேயே மனப்பாடம் செய்துவிடுங்கள்.

ஃபுட்போர்டில் தொங்குவதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 2018 ஜூலை 24 அன்று காலை, உயர் மின்அழுத்தக் கம்பி அறுந்ததால் ஸ்லோ லைனில் போக வேண்டிய வண்டியை மெயின் லைனில் திருப்பி விட்டார்கள். பரங்கிமலையில் மெயின் லைனை ஒட்டி ஒரு கான்கிரீட் சுவர். தினமும் போகும் பாதையில் அப்படி எதுவும் இல்லாததால், வாசலுக்கு வெளியே தொங்கி வந்தவர்கள் அதை எதிர்பார்க்கவில்லை. சுவரில் அடிபட்டு விழுந்தார்கள், உயிர்கள் போயின. பழகிய பாதைதானே என்ற நினைப்பு எப்படிப்பட்டது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். வண்டி எந்த நாளும் வேறு தண்டவாளத்துக்கு மாறலாம். தூண், சுவர், எதிரே வரும் எக்ஸ்பிரஸின் காற்று எல்லாம் அங்கே வேறு தூரத்தில் இருக்கும். சட்டப்படியும் 156-ஆம் பிரிவில் மூன்று மாதம் வரை சிறை, அல்லது 500 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இடமில்லாத வண்டியை விட்டுவிடுங்கள். அடுத்தது பின்னாலேயே வருகிறது.

வாசலில் நின்று போன் பேசாதீர்கள். வண்டி வேகம் குறைந்து ஊர்ந்து போகும் இடங்களில் தண்டவாளத்தோரம் நின்று கையைத் தட்டிப் போனைப் பறிக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஜன்னலோரம் உட்கார்ந்தவருக்கும் இது பொருந்தும். வழியில் ஓரிடத்தில் விளக்கும் விசிறியும் சில நொடி அணைந்து மறுபடி வரும். மேலே கம்பியில் மின்சாரம் இல்லாத சிறு இடைவெளியைக் கடக்கிறது வண்டி, பழுது எதுவுமில்லை.

எங்கே மாறுவது

பார்க் நிலையத்தில் இறங்கிச் சுரங்கப்பாதையில் நடந்தால் சென்ட்ரல். அரசு பொது மருத்துவமனையும் பக்கத்திலேயே. சென்ட்ரலை ஒட்டிய மூர் மார்க்கெட் கட்டடத்திலிருந்துதான் ஆவடி, திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி வண்டிகள் புறப்படும். தாம்பரத்திலிருந்து ஆவடிக்கு ஒரே டிக்கெட்டாக எடுத்துக்கொள்ளலாம், இரண்டு முறை வரிசையில் நிற்க வேண்டாம். சென்ட்ரலில் வெளியூர் வண்டி பிடிக்கிறவர்கள் பார்க்கில் இறங்கிய பிறகு கால் மணி நேரமாவது கையில் வைத்துக்கொள்ளுங்கள். பெட்டியும் பிள்ளைகளும் இருந்தால் இன்னும் கூடுதலாக.

பார்க் வேறு, பார்க் டவுன் வேறு. பார்க் டவுன் என்பது வேளச்சேரி போகும் பறக்கும் ரயிலின் நிலையம். பீச்சிலும் கோட்டையிலும் இரண்டு தட வண்டிகளும் வரும் என்பதால் தாம்பரம் என்று நினைத்து வேளச்சேரி வண்டியில் ஏறிவிடுவது புதியவர்களுக்கு நடக்கும். கோட்டையிலேயே தெரிந்துவிட்டால் அங்கேயே இறங்கி மாறுங்கள். அதையும் தாண்டிவிட்டால் பார்க் டவுனில் இறங்கி, பக்கத்திலிருக்கும் பார்க் நிலையத்துக்கு நடந்துவிடலாம். அதற்கு அடுத்த சிந்தாதிரிப்பேட்டைக்குப் போய்விட்டால் திரும்பி வர வேண்டியதுதான்.

மெட்ரோவுக்கு எழும்பூர், கிண்டி, பரங்கிமலை மூன்றும் வசதி. விமான நிலையத்துக்குத் திரிசூலத்தில் இறங்குங்கள், மீனம்பாக்கத்தில் அல்ல. திரிசூலத்திலிருந்து ஜிஎஸ்டி சாலையைச் சுரங்கப்பாதையில் கடந்தால் எதிரே விமான நிலையம். பெரிய பெட்டியோடு நெரிசல் நேரத்தில் இந்த வழி வேண்டாம். தி.நகர் பேருந்து நிலையத்துக்கு மாம்பலத்திலிருந்து 2023 மே மாதத்தில் திறந்த 570 மீட்டர் நடைமேம்பாலம் இருக்கிறது. தீபாவளி நேரத்தில் ரங்கநாதன் தெருவுக்குள் இறங்காமல் போக அதுதான் வழி.

கிளாம்பாக்கம் பேருந்து முனையம் வண்டலூருக்கும் ஊரப்பாக்கத்துக்கும் நடுவே இருக்கிறது. உங்கள் வண்டியின் நிறுத்தப் பட்டியலில் கிளாம்பாக்கம் இருந்தால் நேராகப் போகலாம். இல்லையென்றால் தாம்பரத்திலோ வண்டலூரிலோ இறங்கி மாநகரப் பேருந்து பிடிப்பது நல்லது. பொங்கல், தீபாவளிக்கு முந்தைய இரவுகளில் பெருங்களத்தூரிலிருந்து சாலை நகராது. அந்த இரவுகளில் ரயிலை எவ்வளவு தூரம் பயன்படுத்த முடியுமோ அவ்வளவு தூரம் பயன்படுத்துங்கள்.

வண்டி நின்றுபோனால்

தாமதத்துக்குக் காரணங்கள் பெரும்பாலும் ஒரே சிலதான். தாம்பரத்துக்குத் தெற்கே மூன்று தண்டவாளங்களில் மின்சார வண்டியும் எக்ஸ்பிரஸும் சரக்கு வண்டியும் ஓட வேண்டியிருக்கிறது. அதிகாலையில் தென்மாவட்ட எக்ஸ்பிரஸ்கள் வரிசையாக எழும்பூரை நோக்கி வரும் நேரத்திலும், மாலை, இரவில் அவை புறப்படும் நேரத்திலும் மின்சார வண்டியை நிறுத்தி வைத்து வழிவிடுவார்கள். லெவல் கிராசிங் கேட் மூடாதவரை சிக்னல் விழாது. பைக்கும் காரும் கேட்டுக்குள் நுழைந்துகொண்டே இருந்தால் வண்டி வெளியே நிற்கும். கனமழையில் தண்டவாளத்தின் மேல் தண்ணீர் ஏறினால் பாயின்ட், அதாவது வண்டியைத் தடம் மாற்றிவிடும் அமைப்பு, வேலை செய்யாது. கம்பி அறுந்தால் அந்தத் தடமே நின்றுவிடும், சரியாகப் பல மணி நேரம் ஆகலாம்.

முன்கூட்டித் தெரிந்துகொள்ளக்கூடியது லைன் பிளாக். பராமரிப்புக்காகப் பெரும்பாலும் இரவிலோ வார இறுதியிலோ வண்டிகளை ரத்து செய்வார்கள், அல்லது தாம்பரம், சிங்கப்பெருமாள்கோயில் போன்ற இடத்தோடு நிறுத்திவிடுவார்கள். தெற்கு ரயில்வேயின் சென்னைக் கோட்டம் இதை முன்பே அறிவிக்கும். நாளிதழிலும் வரும். ஞாயிற்றுக்கிழமை தேர்வோ நேர்காணலோ இருந்தால் சனிக்கிழமையே பார்த்துவிடுங்கள். ஞாயிறன்று வண்டிகள் குறைவு, பண்டிகை விடுமுறை நாட்களிலும் ஞாயிறு அட்டவணைதான்.

நடுவழியில் வண்டி நெடுநேரம் நின்றால் உடனே தண்டவாளத்தில் குதிக்காதீர்கள். பக்கத்துத் தடத்தில் வண்டி வந்துகொண்டிருக்கலாம். நிலையத்தில் நின்றுவிட்டால் நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து முடிவெடுங்கள். பரங்கிமலைக்கு வடக்கே போக வேண்டியவருக்கு மெட்ரோ இருக்கிறது. பரங்கிமலையிலிருந்து கோயம்பேடு வழியாக ஒரு தடம் எழும்பூர், சென்ட்ரலுக்கும், கிண்டியிலிருந்து அண்ணா சாலை வழியாக இன்னொரு தடம் சென்ட்ரலுக்கும் போகிறது. திரிசூலத்தில் மாட்டிக்கொண்டால் விமான நிலைய மெட்ரோவைப் பிடிக்கலாம். அதற்குத் தெற்கே ஜிஎஸ்டி சாலைப் பேருந்துதான் கதி. எல்லாரும் அதையே நினைப்பார்கள் என்பதால், அரை மணி நேரத்துக்குள் சரியாகிவிடும் என்று நிலையத்தில் அறிவித்தால் அங்கேயே காத்திருப்பது பெரும்பாலும் வேகமான வழி.

பொருளை வண்டியில் விட்டுவிட்டால் ஏறிய நிலையம், வண்டி புறப்பட்ட நேரம், முன்னாலிருந்து எத்தனையாவது பெட்டி, எந்தப் பக்க இருக்கை என்ற நான்கையும் உடனே குறித்துக்கொண்டு 139-க்குப் பேசுங்கள், அல்லது நிலைய அதிகாரியிடம் சொல்லுங்கள். தாம்பரம் வண்டி என்றால் அது தாம்பரம் சேர்ந்து திரும்பப் புறப்படுவதற்குள் தகவல் அங்கே போக வேண்டும். திரும்பும் வண்டியில் புதுக் கூட்டம் ஏறிவிட்ட பிறகு தேடுவது கடினம்.